கட்டைவிரல் நிறம்

எடில்மா பேசியதையெல்லாம் சேர்த்து மூட்டை கட்டினாலும் கோவேறு கழுதைக்குப் பாதிச் சுமைதான் வரும் என்று அவள் நாத்தனார் நோஹோரா சொல்வாள். ஒன்பது வயதில், அம்மாவுக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தபோது, எடில்மாவின் படிப்பு நின்றது. அன்றிலிருந்து தம்பிகளைத் தூக்கினாள், பழம் பறிப்பவர்களின் சாப்பாட்டுப் பானையைத் தூக்கினாள், கல்யாணத்துக்குப் பிறகு ஆல்தெமார் வீட்டுக் காப்பியைத் தூக்கினாள். வாய் சும்மா இருந்ததால் கண்தான் வேலை செய்தது. ரப்பர் பூட்ஸ் சேற்றில் மிதிபடும் சத்தத்தை வைத்தே வருவது யாரென்று சொல்லிவிடுவாள். கேட்டால் மட்டும்.

பித்தலீத்தோ என்ற ஊருக்கு மேலே, மலையில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஏறினால் அவர்கள் தோட்டம். செடிகள் ஆல்தெமார் பொறுப்பு. பழத்தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவுவது நோஹோரா. பிளாஸ்டிக் கூடாரத்தில் பரண்மேல் பரப்பிக் காயவைப்பது எடில்மா. தோட்டத்தின் உச்சியில் ஒரு துண்டு நிலத்தில் மட்டும் ரோஸ் போர்போன் என்ற அரிய காப்பி வகைச் செடிகள் நின்றன. அக்டோபர் கடைசியிலிருந்து ஐந்தாறு வாரம்தான் அதன் காலம். அது தனியாகப் பறித்து, தனியாகக் காயவைத்து, வீட்டின் பெயர் போட்ட பையில் போகவேண்டிய காப்பி.

போன வருடம் போகவில்லை. காப்பி வாங்குகிறவர்களுக்காக மாதிரியைச் சுவைத்துப் பார்க்கும் பெண் முகத்தைச் சுளித்துவிட்டாள். "பழமும் காயும் கலந்து கிடக்கு. நாக்கு வறளுது" என்றாள். மூட்டைகள் ஊரார் மூட்டைகளோடு ஒரே குவியலில் சேர்ந்தன. இன்னும் ஒரு வருடம் பார்ப்போம், இப்படியே வந்தால் இனித் தனியாக வாங்கமாட்டோம் என்று வாங்குகிறவர்கள் சொல்லியனுப்பினார்கள். அந்தச் செடிகளை வெட்டிவிடலாம் என்று ஆல்தெமார் பேச ஆரம்பித்தார்.

எடில்மாவுக்குக் காரணம் தெரியும். மற்றச் செடிகளின் பழம் சிவக்கும். இது சிவக்கவே சிவக்காது. மஞ்சள் ஆரஞ்சாகி, ஆரஞ்சு மெல்ல ஒரு ரோஸ் நிறத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். பறிப்பவர்கள் ஆரஞ்சைப் பார்த்து ஏமாந்து பறித்தார்கள். கொஞ்சம் பேர் சிவக்கட்டும் என்று விட்டு உதிரவிட்டார்கள். பரணில் விதைகளைப் புரட்டும்போதே, சுருங்கி, மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டிருந்த காய் விதைகளை அவள் போன வருடமே பார்த்துவிட்டாள். சொல்லவில்லை. பழம் பறிக்கும் ஆறு ஆண்களுக்கு நடுவில் போய் நின்று எப்படிச் சொல்வது?

இந்த வருடம் முதல் பழம் நிறம் மாறியதும் மரத்தடியில் உட்கார்ந்து கடித்துக் கடித்துப் பார்த்தாள். எந்த நிறத்தில் சாறு தித்தித்து, விதை வழுக்கிக்கொண்டு வந்ததோ அந்த நிறப் பழங்களைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள். வளையல், பவுடர் விற்கும் கடையில் நகப்பாலிஷ் சீசாக்களின் பக்கத்தில் பழத்தை வைத்து வைத்துப் பார்த்தாள்.

"வீட்டுல கல்யாணமா அக்கா?" என்றாள் கடைக்காரப் பெண்.

"காப்பி."

அந்தப் பெண் சீசாக்களைத் திறந்து கொடுத்தாள். ஒரு ரோஸ் சீசாவில் மூன்று சொட்டு ஆரஞ்சு விட்டுக் குலுக்கியதும் பழத்தின் நிறம் அப்படியே வந்துவிட்டது.

மறுநாள் காலை ஆட்கள் சோள அடையைத் தின்றுகொண்டிருந்தபோது எடில்மா சீசாவோடு வந்து நின்றாள். ஆட்களில் மூத்தவன், மீசைக்காரன் ஹெர்மீதெஸ். அவன் இடது கையைப் பிடித்துக் கட்டைவிரல் நகத்தில் பூசிவிட்டாள்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"அட, மீசை வச்ச மணப்பொண்ணு!" என்றாள் நோஹோரா. "மாப்பிள்ளை எங்கடா?"

"சிரிக்காதீங்க. என் பொண்டாட்டி பார்த்தா என்னைக் கோழிக்கூட்டுலதான் படுக்க வைப்பா."

"இப்ப மட்டும் எங்க படுக்க வைக்கிறாளாம்?"

எல்லோரும் சிரித்து முடிக்கும்வரை எடில்மா காத்திருந்தாள். பிறகு, "நகத்தைப் பழத்துக்குப் பக்கத்துல வைங்க. ரெண்டும் ஒண்ணா இருந்தா பறிங்க. இல்லாட்டி விட்டுருங்க" என்றாள். அவ்வளவுதான். ஒவ்வொரு கையாக நீண்டது.

"அப்ப கூடையே நிரம்பாதே" என்றான் ஒருவன்.

"அந்தத் துண்டுக்கு எடை பார்க்கல, நாள் கூலிதான்" என்றார் ஆல்தெமார். மனைவியை ஒருமாதிரி பார்த்தார்.

மதியம்வரை கூடைகள் ஒரே நிறத்தில் இறங்கின. மூன்று மணிக்கு மேல் வந்த கூடையில் எடில்மா கையைவிட்டாள். ஆரஞ்சு. சாய்ந்த வெயிலில் ஆரஞ்சும் ரோஸாகத் தெரிகிறது. நகமும் அதே வெயிலில்தான் இருக்கிறது; பக்கத்தில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. அவள் மேட்டுக்கு ஓடினாள்.

"நிறுத்துங்க!"

அவள் குரல்தானா என்று நோஹோரா வெளியே வந்து பார்த்தாள்.

"பாதி வரிசை மிச்சம் இருக்கு, மழை வேற வருது" என்றார் ஆல்தெமார். "நனைஞ்சா வெடிச்சுரும்."

"வெடிச்சா நாலு பழம் போகும். இப்ப பறிச்சா எல்லாம் போகும். காலையில பறிக்கலாம்."

"நீங்களா பேசுறீங்க?" என்றான் ஹெர்மீதெஸ்.

"நான்தான். இறங்குங்க."

இறங்கினார்கள். இரவு மழை வந்தது. நாலு இல்லை, நாற்பது பழம் வெடித்தது. மறுநாளிலிருந்து பகல் மூன்றுக்கே அந்தத் துண்டில் வேலை நின்றது. எடில்மாவின் கூடாரத்தில் விதைகள் மூன்று வாரம் மெதுவாகக் காய்ந்தன. வெயில் ஏறினால் பக்கவாட்டுத் திரையைத் தூக்கினாள், பனி இறங்கினால் இறக்கினாள்.

மாதிரியோடு ஆல்தெமார் அவளையும் அழைத்துப்போனார். சுவைக்கிற பெண் கரண்டியால் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சினாள். இதை மட்டும் துப்பவில்லை. இன்னொரு கிண்ணத்துக்குப் போனாள், திரும்ப முதல் கிண்ணத்துக்கே வந்தாள்.

"இந்த வருஷம் என்ன பண்ணீங்க?"

"நகப்பாலிஷ் போட்டோம்" என்றார் ஆல்தெமார். அந்தப் பெண் விழித்ததைப் பார்த்து எடில்மா வாய்விட்டுச் சிரித்தாள்.

தனியாக எடுத்துக்கொண்டார்கள். பையில் போடப் பெயரும் எழுதிக்கொண்டார்கள். கிளம்பும்போது, இவர்கள் தோட்டத்துக் காப்பியையே வறுத்து அரைத்து ஒரு பொட்டலம் கொடுத்தாள் அந்தப் பெண். வீட்டில் அதுவரை யாரும் அதைக் குடித்ததில்லை. நல்லது மூட்டைக்குப் போகும்; பொறுக்கித் தள்ளிய உடைசல்தான் வெல்லத் தண்ணீரில் கொதித்து அடுப்பில் இருக்கும்.

அன்று எடில்மா வெல்லத்தை எடுத்து உயரத்தில் வைத்துவிட்டுக் காப்பி வடித்தாள்.

நோஹோரா ஒரு வாய் குடித்தாள். "புளிக்குது அண்ணி. பழச்சாறு மாதிரி இருக்கு. இதுக்கா இவ்வளவு பாடு?"

ஆல்தெமார் குடித்துவிட்டுக் கோப்பைக்குள் பார்த்தார். "வெல்லம் போட்டா சரியாயிடும்."

எடில்மா ஒரு மிடறு குடித்தாள். சாறு தித்தித்த அந்தப் பழம் நாக்கில் தெரிந்தது. முழுவதும் குடித்து முடித்தாள். பிறகு கணவரின் கோப்பையை நோக்கிக் கையை நீட்டினாள்.

"உங்களுக்கு வேண்டாம்னா குடுங்க."

அவர் கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "வேண்டாம்னு நான் எப்பச் சொன்னேன்?"