பிளாட் டாப் பிஸ்டன் போட்டுப் பேர் கெட்ட கதை

என்ஜின் போரிங் பட்டறைக்காரனை நம்பி ஊரே தன் என்ஜினைக் கொடுக்கும். அவன் வாயிலிருந்து வருகிற வார்த்தையை மட்டும் நம்பாது. நீங்கள் தையல்காரரோ, பல் டாக்டரோ, வயரிங் வேலை செய்கிறவரோ, யாராக இருந்தாலும் இந்த வயிற்றெரிச்சல் உங்களுக்கும் இருக்கும். அந்த உரிமையில்தான் உங்களிடம் கொட்டுகிறேன்.

பட்டறை உத்திரமேரூரில், காஞ்சிபுரம் ரோட்டின் மேல். வருவது பெரும்பாலும் டிராக்டர். தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து, புது பிஸ்டன் போட்டு ஓட வைப்பது என் வேலை. "ஏகாம்பரம் கட்டின என்ஜின் தட்டாது" என்று சுற்றுப்பட்டு ஊர்களில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. உழவுக்கு முன்னால் டிராக்டர்கள் என் வாசலுக்கு வருவது அந்தப் பேச்சினால்தான். என் வீட்டில் அடுப்பு எரிவதும் அதனால்தான். அந்தப் பேருக்கு ஒரு கார் உலை வைத்தது.

கோபுரம் கேட்டவன்

சாலவாக்கம் டில்லிபாபு ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிற பையன். பழைய பெட்ரோல் கார் ஒன்றை வாங்கி, டர்போ வைத்து, ரேஸ் டிராக்கில் ஓட்டப் போகிறேன் என்று வந்து நின்றான். நல்ல ஆசை. எனக்கும் டிராக்டரையே பார்த்துப் பார்த்து அலுத்திருந்தது, சரி என்றேன். மறுநாளே கைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, தலை மேடாக, கூம்பிப் போய், கோபுரம் மாதிரி இருக்கிற பிஸ்டன்தான் வேண்டும் என்றான். ஏதோ வீடியோவில் எவனோ சொல்லியிருக்கிறான், மேடு இருந்தால் பவர் என்று.

டர்போ என்பது காற்றை என்ஜினுக்குள் திணிக்கிற விசிறி. ஏற்கெனவே திணித்த காற்றை மேடான பிஸ்டன் இன்னும் இறுக்கினால் பெட்ரோல் தன் நேரத்துக்கு முன்பே வெடிக்கும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். ஆகவே தலை தட்டையாக இருக்கிற பிளாட் டாப் வேண்டும். அதுவும் அச்சில் ஊற்றியது போதாது, அழுத்தி அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு பிஸ்டனாக இருக்க வேண்டும். இதைச் சோற்றை ஊட்டுகிற மாதிரி ஊட்டினேன். டீ வாங்கிக் கொடுத்தும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு அவன் கேட்டான்: "அதெல்லாம் சரிண்ணா, ஊருக்கே தெரியணும்னுதான டர்போ போடறேன். அதுக்குப் போயி இன்னாத்துக்கு இப்டி மொட்டையா கீற பிஸ்டனு?"

விபூதிப் பட்டை

சென்னை வியாபாரியிடம் சொல்லி பிஸ்டன்களை வரவழைத்தேன். வழவழவென்று, பார்க்கவே அழகு. நான் ஒன்றுக்கொன்று எடை பார்த்து, கழுவித் துடைத்து, பழைய வேட்டித் துணியில் வரிசையாக வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அந்த நேரம் பார்த்து டில்லிபாபுவின் அப்பா முனுசாமி நல்ல நேரம் குறித்துக்கொண்டு வந்துவிட்டார். திரும்பி வந்தால், என் பிஸ்டன்கள் தாம்பாளத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மூன்று விரல் விபூதிப் பட்டை, நடுவில் குங்குமம். ஒன்றின் மேல் கற்பூரம் எரிகிறது. இந்த ஊரில் பிளாட் டாப் பிஸ்டனின் அருமை தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். பட்டை போட வசதியாக இருந்ததாம்.

விபூதியும் குங்குமமும் பொடி. ரிங் உட்காருகிற காடிக்குள் போனால் சிலிண்டர் முழுக்கக் கீறிவிடும். சாமி மேல் எனக்கும் பக்தி உண்டு, நானும் ஆயுத பூஜைக்கு லேத்துக்குப் பொட்டு வைக்கிறவன்தான். அதற்காக என்ஜினுக்குள்ளேயா வைப்பார்கள்? எல்லாவற்றையும் பெட்ரோலில் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். முனுசாமி பக்கத்திலேயே நின்று, நான் ஏதோ பாவம் செய்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க வூட்டு டிராக்டருக்குப் பொட்டு வெச்சிக்கினுதான் கீறோம் தம்பி. அது இன்னா, நின்னா பூடுச்சி?"

எதிர்க்கடை வரதன்

எனக்கு எதிரில் பைக் மெக்கானிக் கடை வைத்திருப்பவன் வரதன். வேலை குறைந்த நேரத்தில் என் கடையில் வந்து நின்று கருத்துச் சொல்வது அவனுடைய இரண்டாவது தொழில். சாதாரண பிஸ்டனை விட ஃபோர்ஜ்டு பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும். அதனால் சிலிண்டரில் கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டுத்தான் கடைய வேண்டும். விடாவிட்டால் சூடேறியதும் பிஸ்டன் கவ்விக்கொண்டு என்ஜின் இறுகி நின்றுவிடும். பிஸ்டன் செய்த கம்பெனி சொன்ன அளவைத்தான் நான் வைத்தேன், ஒரு மயிரிழை கூட மாற்றவில்லை.

வரதன் வந்து பிஸ்டனைச் சிலிண்டருக்குள் விட்டு, விரலால் அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். நான் விளக்கம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் ரோட்டைத் தாண்டித் தன் கடைக்குப் போய்விட்டான். போகிற வழியில் டீக்கடையில் நின்று, நான் கேட்கும்படியாகவே சொன்னான்: "அண்ணாத்தைக்குக் கண்ணு மங்கிக்கினு வருது போல. பிஸ்டனு உள்ள ஊஞ்சல் ஆடிக்கினு கீது."

ஓட்டிப் பார்த்த அன்று

விடிந்ததும் ஸ்டார்ட் செய்வதாக இருந்தோம். டில்லிபாபு சொன்னானோ, முனுசாமி சொன்னாரோ, வரதன் சொன்னானோ, தெருவே கூடிவிட்டது. சாலவாக்கம் கன்னியப்பன் கூட வந்திருந்தார். டிராக்டர் வாங்கிய நாளிலிருந்து அவர் வேறு பட்டறை வாசலை மிதித்தவரில்லை. என்ஜின் முதல் சுற்றிலேயே பிடித்தது. பிடித்த கையோடு டக் டக் டக் என்று தட்ட ஆரம்பித்தது.

தட்டத்தான் செய்யும். குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் விரிந்திருக்காது, இடைவெளியில் ஆடும், தட்டும். சூடேறினால் விரிந்து, உட்கார்ந்து, சத்தம் அடங்கிவிடும். கொஞ்சம் பொறுங்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னேன். யார் பொறுத்தார்கள்? ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். என்ஜின் சூடேறி, சத்தம் அடங்கி, அழகாக ஓடியபோது கேட்பதற்கு நானும் ஒரு நாயும்தான் மிச்சம்.

அந்த வாரமே பேச்சு பரவிவிட்டது. கன்னியப்பனின் டிராக்டர் எனக்கு வரவேண்டியது, லாரியில் ஏறி என் கடை வழியாகவே வந்தவாசிக்குப் போனது. எனக்கு ஆத்திரமா, அழுகையா என்று தெரியவில்லை, இரண்டும்தான். இத்தனை வருஷம் கட்டின என்ஜினெல்லாம் என்ன ஆயிற்று? ஒரு காலைச் சத்தத்தில் அத்தனையும் செத்துவிட்டதா? லாரியை நிறுத்தியே கேட்டுவிட்டேன். உள்ளே உட்கார்ந்திருந்த கன்னியப்பன் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகவே சொன்னார்: "உன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல ஏகாம்பரம். நீ நல்லவன்தான். ஆனா நான் பயிரு வெக்கணுமே."

சமரசம்

பத்து நாள் கழித்து டில்லிபாபு அப்பாவோடு வந்தான். வீட்டுக்குள் பேஜார், காலையில் கார் எடுத்தால் தெருவில் எல்லோரும் சிரிக்கிறார்கள், வரதன் என்ஜினைப் பிரித்து டைட்டாகச் செய்து தருகிறேன் என்கிறான் என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தாராளமாகக் கொண்டு போ. ஆனால் அது நட்ட நடு ரோட்டில் இறுகி நிற்கும்போது ஏகாம்பரம் கட்டினது என்று சொல்லாதே" என்றேன். கடை சாவியையும் மேஜை மேல் எறிந்தேன். அந்தச் சாவிக்கும் இதற்கும் சம்பந்தமில்லைதான், கோபத்தில் கையில் கிடைத்தது.

நானாக அதை டைட்டாக மாற்றிக் கொடுத்திருந்தால் ஊர்ப் பேச்சு ஒரே நாளில் அடங்கியிருக்கும். டிராக்டர்களும் திரும்பியிருக்கும். என் மனைவி கூட, கேட்டபடி செய்து கொடுத்துத் தொலையுங்களேன் என்றாள். மனசு வரவில்லை. தெரிந்தே ஒரு என்ஜினைக் கொல்ல என்னால் முடியாது. அரை மணி நேரம் கத்தினேன். கடைசியில் முனுசாமி எழுந்து, மகன் தோளில் கை வைத்து, பெரிய மனிதராகப் பஞ்சாயத்து சொன்னார்: "பிஸ்டனு அப்டியே இருக்கட்டும் தம்பி. நீ அந்தச் சத்தத்த மட்டும் கயட்டிக் குடுத்துடு."

டிராக்கிலிருந்து வந்தவன்

என்ன நினைத்தானோ, டில்லிபாபு வரதனிடம் போகவில்லை. அப்படியே ரேஸ் டிராக்குக்கு எடுத்துக்கொண்டு போனான். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. டிராக்டர்கள் வராமல் பட்டறை காலியாகக் கிடந்தது, இருந்தது அந்த ஒரே என்ஜின். அதுவும் போனால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். சாயங்காலம் கார் வந்தது, தானே ஓடி வந்தது, யாரும் கட்டி இழுத்து வரவில்லை. நாள் முழுக்க விரட்டு விரட்டு என்று விரட்டியிருக்கிறான். ஒரு குறையும் இல்லை. கோபுர பிஸ்டன் போட்டு வந்த ஒருவன் காரிலிருந்து பாதியிலேயே வெள்ளைப் புகை கிளம்பியதாம்.

ஒரு வார்த்தை, "நீ சொன்னது சரிதாண்ணா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். முகத்தைச் சுருக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தான். "அங்க வந்த பெரிய பெரிய வண்டி எல்லாம் காலைல தட்டுதுண்ணா, நம்மள விட சத்தமா தட்டுது. நம்பளதுல இன்னா, கொறச்சி வெச்சிட்டியா?"

கன்னியப்பன் திரும்பி வந்தார்

அதன் பிறகு டில்லிபாபு சாலவாக்கத்தில் காலை நேரத்தில் வேண்டுமென்றே வண்டியைக் கிளப்பி, தெருவில் நிறுத்தி, இது ரேஸ் பிஸ்டன் சத்தம் என்று வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வகுப்பு எடுத்திருக்கிறான். நான் தொண்டை கிழியச் சொன்னபோது ஏறாதது அவன் சொன்னதும் ஏறிவிட்டது. வரதன், அந்த பிஸ்டனைப் போடச் சொன்னதே தான்தான் என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருக்கிறான். டிராக்டர்கள் திரும்ப வர ஆரம்பித்தன. கன்னியப்பனும் வந்தார். வந்தவாசியில் செய்த வேலை அவருக்குத் திருப்தியில்லையாம், மறுபடி நானே பிரித்துச் செய்ய வேண்டுமாம்.

எனக்குள் இருந்த கோபமெல்லாம் கரைந்தது, மறைத்துச் சொல்வானேன். மனிதர் வந்துவிட்டாரே என்று நெஞ்சு நிறைந்து, வேறு வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அவர் என்ஜினைக் கட்டினேன். டிராக்டருக்கு ஃபோர்ஜ்டும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அதற்கென்று உள்ள பிஸ்டன் போதும். போட்டேன். ஸ்டார்ட் செய்தபோது, பச்சைத் தண்ணீராகக் குளிர்ந்திருந்த என்ஜின் ஒரு தட்டு தட்டவில்லை. கன்னியப்பன் பானெட் பக்கம் குனிந்து காதைக் கொடுத்தார். அந்தப் பக்கம் போய்க் கேட்டார். இந்தப் பக்கம் வந்து கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் நான் செத்தேன். "தட்டவே இல்லியே ஏகாம்பரம். என்னுதுன்னா மட்டும் ஏனோதானோன்னு பண்ணிட்டியா?"

தட்டாத என்ஜின் கட்டிச் சம்பாதித்த பேரை ஒருமுறை தட்டியதற்காக இழந்தேன், இப்போது தட்டவில்லை என்பதற்காக இழந்துகொண்டிருக்கிறேன்.