காதுகுத்தில் கட்டிய பேனர்

வீட்டு விசேஷங்களைத் தேதி போட்டு எழுதி வைப்பவன் நான். போன ஆவணியில் நடந்த என் மகளின் காதுகுத்துக்கு மட்டும் ஒரே வரிதான் எழுதினேன்.

ஜெயங்கொண்டம் அருகே எங்கள் குலதெய்வக் கோயில். குன்னத்தில் மக்காச்சோளம் போடும் என் மைத்துனர் முருகேசன், சீர்வரிசையோடு ஒரு பேனரும் கட்டியிருந்தார். ‘மாமாவின் ஃபேவரிட் இளவரசி’ என்று ஆங்கிலத்தில்.

அமெரிக்கக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் தம்பி அதைப் பார்த்துச் சிரித்தான். “என்ன மச்சான், ஃபேவரிட்ல ஒரு ‘யு’ கூடுதலா விழுந்திருக்கு? என்னயக் கேட்டிருக்கலாம்ல?”

“பள்ளிக்கூடத்துல இப்படித்தாங்க சொல்லிக் குடுத்தாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரிட்டிஷ்காரர்கள் ‘யு’ போடுகிறார்கள், அமெரிக்கர்கள் விட்டுவிடுகிறார்கள். “ரெண்டும் சரிதான்டா, மன்னிப்புக் கேளு” என்றேன். அவனோ போனில் அதே சொல்லை அடித்து, அதன் அடியில் தப்பென்று விழுந்த சிவப்புக் கோட்டை எல்லோருக்கும் காட்டினான். கூட்டம் சிரித்தது.

முருகேசன் பேனரை அவிழ்த்துச் சுருட்டினார். “படிச்சவங்க மடியிலயே வச்சுக் குத்திக்குங்க.”

தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் பக்கம் காது குத்துவதில்லை. ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். மொட்டைத்தலையில் சந்தனம் காய்ந்து, குழந்தை வீறிட்டாள்.

என் மனைவி பிள்ளையை அவர் கையில் திணித்தாள். “குத்தப் போறது இவ காதுலண்ணே, பேனர்ல இல்ல. ஒக்காரு.” பிறகு என் தம்பியிடம் திரும்பினாள். “நீங்க போயி அதக் கட்டுங்க தம்பி.”

கட்டினான். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை.

இரண்டு தேசங்கள் ஆளுக்கொரு விதமாக எழுதும் ஒரு சொல்லுக்காக, ஒரு மாமனை அவமானப்படுத்தினோம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நான் எழுதிய வரி இதுதான்: ‘மாமன் மடியில் காது குத்தினோம்.’