உப்புநீர் பாட்டில்

அந்த வீட்டு மூத்த மருமகளுக்கு வயிறு எரிந்தது. லேசாக இல்லை, திகுதிகுவென்று.

பின்னே என்ன? கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள், மாமியாரைக் கைக்குள் போட்டுக்கொண்டது போதாதென்று, இவள் வேலை பார்க்கும் லேபுக்கே வந்து சேர்ந்துவிட்டாள். "சின்னவ கை பட்டா எதுவும் விளங்கும்" என்று மாமியார் வீட்டில் பாட, இங்கே லேபை நடத்தும் டாக்டரம்மாவும் அதே பாட்டு. புது மைக்ராஸ்கோப்புக்கு யார் பொறுப்பு என்று இன்று முடிவாகும். இத்தனை வருஷம் இருட்டறையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் இவள். நேற்று வந்தவளுக்கு அது போவதா?

காலையில் இளையவள் தயங்கித் தயங்கி வந்தாள். "அக்கா, பிளாக் கொஞ்சம் தர்றீங்களா?"

ஒளிரும் சாயம் கட்டிய ஆன்டிபாடி தனக்குரிய செல்லில்தான் ஒட்ட வேண்டும். கண்ட செல்லிலும் போய் ஒட்டாமலிருக்க முதலில் ஊற்றும் கரைசல்தான் பிளாக்.

"எல்லாத்துக்கும் நான்தான் ஊத்திக் கொடுக்கணுமா?" சிடுசிடுத்தபடி ஒரு குழாயில் ஊற்றி நீட்டினாள் மூத்தவள். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மதியம் இருட்டறையில், இளையவளின் ஸ்லைடைப் பார்த்த டாக்டரம்மா, "அடேயப்பா, என்ன வெளிச்சம்!" என்றார். திரை முழுக்க ஒன்று விடாமல் பச்சையாக ஜொலித்தன செல்கள். மூத்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ஆகா! பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

"மேடம், அந்த இன்னொரு ஸ்லைடைப் போடுங்க. எதுலயும் ஒட்டாத ஆன்டிபாடி போட்டு வச்சிருப்பாளே, அது."

இருட்டாக இருக்க வேண்டிய ஸ்லைடு. அதுவும் ஜொலித்தது.

"பாத்தீங்களா? இவ பிளாக்கே பண்ணல!"

இளையவள் நிமிர்ந்து மூத்தவளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "மறந்துட்டேன் மேடம்."

"கண்ணுன்னா இது கண்ணு!" என்று மூத்தவளின் முதுகைத் தட்டினார் டாக்டரம்மா. "மைக்ராஸ்கோப் இனிமே உங்க பொறுப்பு." அறைச் சாவியையும் கொடுத்துவிட்டார்.

தலைகால் புரியாமல் தன் மேசைக்குத் திரும்பியவள் அப்படியே நின்றாள். காலையில் இளையவளுக்கு ஊற்றிக் கொடுத்த பாட்டில் அங்கேயே இருந்தது. வெறும் உப்புநீர். பிளாக் பாட்டிலோ ஃபிரிட்ஜில் சீல்கூட உடைக்காமல் இருந்தது.

கைகழுவிக்கொண்டிருந்த இளையவளிடம் போனாள். "அக்கா கொடுத்ததைத்தான் ஊத்தினேன்னு ஏன் சொல்லல?"

"சொன்னா உங்களுக்கு அது கிடைக்காம போயிடுமேக்கா. எத்தனை வருஷ ஆசை உங்களுக்கு!"

மூத்தவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாவியை இறுக்கிப் பிடித்தாள். பாவி மகள், இதிலும் நல்லவள் என்ற பேரை அவளே தட்டிக்கொண்டு போய்விட்டாளே!