குழாய் கடித்த மழைக்காலம்

சாலைக் கடைத்தெருவில் புதிதாக எது வந்து இறங்கினாலும் அது எங்கள் வீட்டுக்கு வராமல் போகாது. என் கணவர் அப்படி. விலை மட்டும் மலிவாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் முதல் பிளாஸ்டிக் வாளி எங்களுடையதுதான். முதல் நைலான் கொடிக்கயிறும் எங்களுடையதுதான், வெயிலில் அது இளகித் தொங்கி வேட்டியெல்லாம் மண்ணில் புரண்டது வேறு விஷயம். ஆபீஸ் விட்டு வரும்போது கையில் செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் இருந்தால், அன்றைக்குக் காபி ஆறிப்போகும் என்று எனக்குத் தெரியும். மேஜைமேல் பிரித்து வைத்து அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அறுபதுகளின் கடைசி அது. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி மலையாளச் சீமைக்கு, கோட்டைக்குள் இருந்த அந்தத் தெருவுக்கு நான் வந்து அதிக நாளாகவில்லை. வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். வாங்கி வருவதில் பாதி, என் வேலை குறையட்டும் என்று வாங்கியதுதான். அதனால் வேண்டாமென்று சொல்லவும் வாய் வராது.

அடுத்த வீட்டு மாமிக்கு இதெல்லாம் பிடிக்காது. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். பின்கட்டில் அந்தச் சுவர் தோள் உயரத்துக்கு இறங்கிவிடும், அதற்கு மேலாகத்தான் எங்கள் பேச்சு. குதிகால் வெடிப்புக்கு நல்லது என்று இவர் ரப்பர் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு நடந்தபோது, மாமி என்னைக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"ஏண்டி, உள்ளுக்குள்ள செருப்பு போட்டுண்டு நடக்கறானாமே? அடுக்களைக்கும் அதோட வருவனோ?"

"அடுக்களைக்கு வரமாட்டார் மாமி. குளியலறை வரைக்கும்தான்."

"நன்னாட்டு இருக்கு" என்றாள். இந்த ஊர்ப் பேச்சில் அது பாராட்டு இல்லை என்று அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

மாமா கோயிலில் வேலை. விடியுமுன்பே போய்விடுவார். மாமி அதற்கு முன்னால் எழுந்து, தலைக்குக் குளித்து, ஈரப்புடவையோடு குழாயடியில் நின்று மடியாகக் குடத்தில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவாள். காய்ச்சலானாலும் மழையானாலும் அது தவறாது.

தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் எங்கள் பின்கட்டுக்கு வந்து, அங்கிருந்து சுவரைத் துளைத்து மாமி வீட்டுக்குப் போகும். இரும்புக் குழாய். அதில் தெருப்பக்கம் ஒரு முழ நீளம் துருப்பிடித்து ஒழுகியது. இரும்புக்குப் பதிலாக அந்த இடத்தில் அப்போதுதான் புதிதாக வந்திருந்த பிளாஸ்டிக் குழாயைப் போட்டுப் பார்க்கலாம் என்றார் இவர். போட்டார். ஒழுகல் நின்றது. மாமிகூட, "இது பரவாயில்லை" என்றாள்.

அந்த வருஷம் ஜூனில் எடவப்பாதி மழை ஆரம்பித்த வாரத்தில்தான் ஹீட்டர் வந்தது. சுருளாக வளைந்த ஒரு கம்பி, மேலே கறுப்புப் பிடி, அதிலிருந்து ஒயர். வாளித் தண்ணீருக்குள் இறக்கி ஸ்விட்சைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்கும். ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணெரிந்து நின்றவள் நான். அது எனக்குப் பெரிய வரமாகத்தான் தெரிந்தது.

ஒரே ஒரு சிக்கல். ஹீட்டரின் ஒயரில் மூன்று கம்பி, எங்கள் சுவரில் இருந்த பிளக்கில் இரண்டே துளை. மூன்றாவது கம்பியை இவர் தனியாகப் பிரித்து, தண்ணீர்க் குழாயில் இறுக்கிச் சுற்றினார்.

"இது எதுக்கு?" என்றேன்.

"எர்த்து. கறண்டு எங்கயாவது ஒழுகித்துன்னா இது வழியா பூமிக்குள்ள போயிடும். குழாய் பூமிக்குள்ளதானே போறது?"

பிளாஸ்டிக் ஞாபகம் அவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

முதலில் அது கடி என்றே தோன்றவில்லை. பாத்திரம் தேய்க்கக் குழாயைத் திறந்தபோது விரல் நுனியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. கையை உதறிவிட்டு வேலையைப் பார்த்தேன். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மறுபடி ஒரு காலை, இந்தத் தடவை மணிக்கட்டு வரைக்கும். மழை விடவே இல்லை. சுவரெல்லாம் ஓதம் ஏறிக் கறுத்துப்போயிருந்தது. தரையைத் துடைத்தாலும் காயாது. குழாயடிக்குப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்துக்கொண்டிருப்பதுபோல ஒரு எண்ணம் வர ஆரம்பித்தது. யாரிடமும் சொல்ல வெட்கமாக இருந்தது.

கடைசியில் இவரிடம் சொன்னேன். உடனே எழுந்து வந்து, ஹீட்டரைப் போடச் சொல்லி, குழாயைக் கை நிறையப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாரு. ஒண்ணுமில்லை. உனக்கு ரத்தம் கம்மியா இருக்கும். டாக்டர்ட்ட டானிக் எழுதி வாங்கலாம்."

அவர் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. அதைப் பார்த்தேன். ஆனால் அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது எனக்குத் தெரியாது.

டானிக் குடித்தேன். குழாய் கடித்தது.

ஒரு பகல், அவர் ஆபீஸ் போன பிறகு, நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். ஹீட்டரை அணைத்துவிட்டுக் குழாயைத் தொட்டேன். சாது மாதிரி இருந்தது. போட்டுவிட்டுப் புறங்கையால் லேசாகத் தொட்டேன். தோள் வரைக்கும் தூக்கிப்போட்டது. நெஞ்சு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அன்று சாயங்காலம் அவர் வாசலில் குடையை மடக்கும்போதே சொன்னேன்.

"ஹீட்டர்தான். இனிமே அதைப் போடாதேங்கோ."

"சரி, ஞாயித்துக்கிழமை கழட்டிப் பார்க்கறேன்" என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிற குரல் அது.

மறுநாள் மாமி சுவருக்கு அப்பாலிருந்து குரலைத் தாழ்த்திக் கூப்பிட்டாள்.

"கொழந்தே, உங்காத்துக் குழாய்ல வெள்ளம் பிடிக்கறச்சே கை விறுவிறுங்கறதோ?"

சுவருக்கு அந்தப் பக்கமும் அது போயிருக்கும் என்று நான் நினைத்தே பார்க்கவில்லை.

"மாமி, அந்தக் குழாயைத் தொடாதேங்கோ. இவர் வாங்கின ஹீட்டர்லேர்ந்து கறண்டு ஒழுகறது. கிணத்து ஜலம் எடுத்துக்கோங்கோ."

"கிணறு மழையில கலங்கிக் கிடக்கு. கறண்டாவது ஒண்ணாவது. உங்காத்துல கறண்டு இருந்தா எங்காத்துக் குழாய்க்கு எப்படி வரும்?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை இவர் ஆபீஸ் வேலையாகக் கொல்லம் போக வேண்டியிருந்தது. காலை முதல் வண்டி. நான் அடுக்களையில் வழிச் சாப்பாடு கட்டிக்கொண்டிருந்தேன். வெளியே இன்னும் இருட்டு, மழை. குளியலறைப் பக்கம் ஸ்விட்ச் விழுந்த சத்தம் கேட்டது. "வேண்டாம்னேனே" என்று நான் வாயைத் திறப்பதற்குள் சுவருக்கு அப்பால் பித்தளைக் குடம் கல்லில் மோதி உருண்டது. அதற்குப் பிறகு ஒரு சத்தம். அலறல் இல்லை. தொண்டையிலேயே மாட்டிக்கொண்ட, ஒரே சுருதியில் நீண்ட முனகல்.

ஓடிப்போய் ஒயரோடு பிளக்கைப் பிடுங்கினேன். முனகல் நின்றது. தொப்பென்று ஏதோ விழுந்தது.

சுவர் ஏறித்தான் போனேன், எப்படி ஏறினேன் என்று தெரியாது. மாமி குழாயடியில் பக்கவாட்டில் விழுந்து கிடந்தாள். ஈரப்புடவை, நெற்றியில் குங்குமம் கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. வலது கை மட்டும் குழாயைப் பிடித்த மேனிக்கு வளைந்தபடியே இருந்தது. "மாமி, மாமி" என்று கன்னத்தைத் தட்டினேன். அப்புறம் ஒரு பெரிய மூச்சு வந்தது. அந்த மூச்சுக்கு முன்னால் இருந்த நேரம் எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது.

இவர் சுவருக்கு அந்தப் பக்கம் துண்டோடு நின்றுகொண்டிருந்தார். "என்னாச்சு? என்னாச்சு?" என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

மாமியைப் பெரியாஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். இதயத்துக்கு ஒன்றுமில்லை என்றார்கள். உள்ளங்கையில் கரிக்கோடு போல ஒரு தழும்பு. சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிறகு முழுதாக நிமிரவே இல்லை.

மாமியை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலை, இவர் குளியலறையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்றார். ஒரு கையைக் குழாய்க்குப் பக்கத்தில் நீட்டி வைத்திருந்தார்.

"பிளக்கைச் சொருகு" என்றார்.

"எதுக்கு?"

"எனக்குத் தெரியணும். நீ சொன்னப்போ நான் நம்பலை. போடு."

அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. ஒரு புது சாமானைச் சோதிக்கும்போது இருக்கும் அதே கவனம். நான் ஹீட்டரை வாளியிலிருந்து உருவி, பின்வாசல் வழியாகப் போய், ஒயரோடு கிணற்றடிக் கல்லில் அடித்தேன். கறுப்புப் பிடி சிதறும் வரைக்கும் அடித்தேன். அவர் வந்து தடுக்கவில்லை.

மின்சார ஆபீஸிலிருந்து வந்தவர் குழாயை வழிநெடுகப் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் துண்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். இதற்கு இந்தப் பக்கம் இருக்கும் இரும்பு முழுக்க அந்தரத்தில் தொங்குகிற மாதிரிதான், கறண்டு பூமிக்குப் போக வழியே இல்லை, யாராவது ஈரத்தோடு தொட்டால் அவர்கள்தான் வழி என்றார். இவர் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டார்.

மாமி எங்களோடு சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமா மட்டும் சில மாதம் பேசாமல் இருந்தார். இவருக்கும் சாமான் ஆசை அடியோடு போய்விடவில்லை, கொஞ்ச காலம் கழித்துப் பொட்டலங்கள் மறுபடி வரத்தான் செய்தன. அந்தத் தெருவில் நாங்கள் இருந்த வரைக்கும், தினமும் விடியுமுன்பே, குடத்தை எடுப்பதற்கு முன்னால், சுவருக்கு அப்பாலிருந்து மாமியின் குரல் வரும். கோபமில்லாத, சாதாரணக் குரல்.

"கொழந்தே, புதுசா ஏதாவது வந்திருக்கோ?"

இல்லை மாமி என்று நான் சொன்ன பிறகுதான் அங்கே தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்.