எட்டு எரிந்தால் போதுமா

முத்தியால்பேட்டையில் இருந்த அந்தக் காயலான் கடைக்குப் போவது எத்தனையாவது ஞாயிறு என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஏதோ பழைய ஆய்வுக்கூடக் கருவியிலிருந்து கழற்றிய ஆறு நிக்சி டியூப்கள் அங்கே ஒரு பிஸ்கட் டப்பாவில் கிடந்தன. கண்ணாடிக்குள் பூஜ்யம் முதல் ஒன்பதுவரை கம்பியில் வளைத்த எண்கள், ஒன்றன்பின் ஒன்றாக. எதற்குக் கரண்ட் கொடுக்கிறோமோ அது ஆரஞ்சு நிறத்தில் எரியும். எல்.இ.டி. வந்துவிட்ட எண்பதுகளில் இவற்றை யாரும் சீண்டவில்லை. எனக்கு இவற்றை வைத்து ஒரு கடிகாரம் செய்யவேண்டும். காலேஜ் பாடத்தில்கூட மனம் நிற்கவில்லை.

கடைக்காரர் காசு வேண்டாம் என்றார். டிவி ரிப்பேர் கற்கும் மகனுக்கு என் மல்ட்டிமீட்டர் வேண்டுமாம். என்னிடம் இருந்த ஒரே கருவி அது. கொடுத்தால் வோல்டேஜ் பார்க்க வழியில்லை. கொடுக்காவிட்டால் டியூப் இல்லை.

அன்று சர்ச்சில் பூசை முடித்து என் நண்பனும் வந்தான். எல்.இ.டி. பழகிய கை. கடை பிளக்கிலிருந்து டயோடும் ரெசிஸ்டரும் போட்டு, ஒவ்வொரு டியூபிலும் எட்டை மட்டும் எரியவிட்டான். எல்.இ.டி.யில் ஏழு கோடுகளை மாற்றி மாற்றி எரித்துத்தான் எண் காட்டுவார்கள்; எட்டு வந்தால் எல்லா எண்ணும் வரும். ஏழு கோடும் அதிலேயே இருக்கிறது. ஆறு டியூபும் எரிந்தன.

"எல்லாமே நல்லாருக்குடா. மீட்டர குடுத்துட்டு எடுத்துக்கினு வா, பசிக்குது."

எனக்கும் பசிதான். ஆனால் இதில் ஒவ்வொரு எண்ணுக்கும் தனிக் கம்பி. மற்றவற்றையும் பார்க்கவேண்டும் என்றதும் அவன் சாக்குமூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். டியூபின் ஒவ்வொரு காலாக ஒயரைத் தொட்டுக்கொண்டே போனேன். வெயிலில் கண் எரிந்தது. இரண்டு டியூபில்தான் எல்லா எண்ணும் வந்தன. மற்றவற்றில் ஏழு இல்லை, ஒன்பது இல்லை. ஒன்றில் மூன்றும் இல்லை.

"ஏழு மணி ஆனா வெளிய வந்து வானத்தப் பாத்துக்க தம்பி" என்றார் கடைக்காரர்.

சிரிக்கத் தெம்பில்லை. மனம் மட்டும் கணக்குப் போட்டது. மணியிலும் நிமிடத்திலும் முதல் இலக்கத்துக்கு ஏழும் ஒன்பதும் வேண்டியதே இல்லை. குறையுள்ளவற்றை அங்கே வைத்து, முழுசான இரண்டையும் அடுத்த இலக்கத்தில் வைத்தால், நொடி இல்லாத கடிகாரம் வந்துவிடும்.

மீட்டரை வெளியே எடுத்தேன்.

"அப்புறம் வோல்டேஜ எதுல பாப்ப, கைய வெச்சா?" என்றான் நண்பன்.

டியூப் எரிந்தால் வோல்டேஜ் இருக்கிறது என்றுதானே அர்த்தம், என்றேன். எனக்கே அது சப்பைக்கட்டாகத்தான் பட்டது. இன்னொரு ஞாயிறு இதை யோசிக்க முடியாது. கொடுத்துவிட்டேன்.

சைக்கிள் மிதிக்கும்போது சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். நெல்லித்தோப்பு வரைக்கும் வரவில்லை. போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.