பச்சைத் துணிக்கு முன்னால்

அமெரிக்காவிலிருந்து படமெடுக்க வந்தவர்களுக்கு எங்கள் மாமாவின் முகம் பிடித்துப்போனது என்றால் வீட்டில் முதலில் யாரும் நம்பவில்லை. ஒட்டிய கன்னம், உள்ளே போன கண், நெஞ்சுவரை தாடி. ஊரில் பெண் பார்க்கப் போன இடங்களில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளைக்கு உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்திருக்கிறார்கள். ஷார்ஜாவில் நம் ஊர்க் கூலிக்காரர்கள் கூடும் ரோலா பகுதியில் வாப்பா வைத்திருந்த பயணப்பெட்டிக் கடையில்தான் உம்மாவின் தம்பியான அவர் வேலை பார்த்தார். பெட்டி வாங்க வந்த மலையாளி ஏஜெண்ட் ஒருவர் பெட்டியை விட்டுவிட்டு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அபுதாபிக்கு அப்பால் பாலைவனத்தில் மூன்று நாள் கூட்டத்தோடு நிற்க ஆள் வேண்டும், சாப்பாடும் கூலியும் உண்டு என்றாராம்.

எங்கள் வீட்டில் சினிமா ஆகாது. வாப்பாவுக்கு அது சாராயத்துக்கு அடுத்த வீடு. உம்மா அதுவரை தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. மாமா நல்ல நேரம் பார்த்து, வாப்பா சோறு உண்டு முடித்த பிறகு பேச்சை எடுத்தார்.

"நடிப்பெல்லாம் இல்ல மச்சான். சும்மா நிக்கிறதுதான்."

"சும்மா நிக்கிறதுக்கா அமெரிக்காவுலேர்ந்து வாரான்?" என்றார் வாப்பா. அந்தக் கேள்விக்கு எவ்வளவு கனம் என்று அப்போது அவருக்கே தெரியாது. கடையில் வியாபாரம் மந்தமாக இருந்த நேரம், போய்வா என்று விட்டுவிட்டார்.

அங்கே நடந்ததை மாமா பிறகு பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன். மணல்மேடுகளுக்கு நடுவே கூடாரங்கள் போட்டு ஒரு சிறிய ஊரையே அமைத்திருந்தார்களாம். போனதுமே எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கதை என்னவென்று கேட்டால் யாரும் சொல்லவில்லை. அது அந்தத் தொழிலின் வழக்கம் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. மாமாவோ, பாவம் இன்னும் எழுதி முடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தாராம். கிழிந்த சாம்பல்நிற அங்கியை மாட்டிவிட்டு, முகத்திலும் கைகால்களிலும் சாம்பல் பூசினார்கள். வேறு ஏதோ கிரகத்து ஏழை ஜனங்களாம் இவர்கள். ஏழை ஜனங்களுக்கு ஆள் தேடி ரோலாவுக்கு வந்ததில் அந்த ஏஜெண்டைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாம் நாள் பிற்பகல் ஏஜெண்டின் போனுக்கு வாப்பா கூப்பிட்டார். ஏழாம் மாதத்தில் இருந்த உம்மாவுக்கு வலி கண்டு, பெண் பிள்ளை பிறந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். டாக்டர் எதுவும் சொல்ல மறுக்கிறார். மாமா உடனே கிளம்பப் பார்த்தார். பஸ் மறுநாள்தான், இந்த மணலுக்குள் டாக்சியும் வராது என்றார் ஏஜெண்ட்.

அந்த நிலையில்தான் எல்லோரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்கள். எதிரே நாலு மாடி உயரத்துக்கு ஒரு பச்சைத் துணி கட்டியிருந்தது. அதைப் பார்த்து நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுந்திருக்க வேண்டும் என்று உருதுக்காரப் பையன் ஒருவன் ஒலிபெருக்கியில் சொன்னான். அங்கே என்ன இருக்கிறது என்று மாமா கேட்டார். பிறகு கம்ப்யூட்டரில் வரும் என்றான். என்ன வரும்? அது அவனுக்கும் தெரியவில்லை.

கூட்டத்தில் பெரும்பாலோர் நம் மார்க்கத்தவர்கள். இன்னதென்று தெரியாத ஒன்றுக்கு முன்னால் நெற்றியை எப்படி வைப்பது என்று முணுமுணுப்பு கிளம்பியது. ஏஜெண்ட் கெஞ்சினார். வெளிச்சம் போய்விடும் என்று வெள்ளைக்காரர்கள் தவித்தார்கள். மாமா சூரியனைப் பார்த்தார். துணி கட்டியிருந்தது மேற்கில். நாம் தொழும்போது முகம் வைக்கிற மக்கா இருக்கும் திசை. பிற்பகல் தொழுகையான அசருக்கும் நேரமாகியிருந்தது.

"அப்போ நடிக்கவே வேணாம்," என்றார் மாமா. "நெசமாவே தொழுதிருவோம். அவங்க எடுத்தா எடுத்துக்கட்டும்."

நல்ல யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். யோசனை சொன்னவரையே தொழவைக்க முன்னால் நிறுத்தினார்கள். குடிக்க வைத்திருந்த தண்ணீர் பாட்டில்களை எடுத்து முகம், கை, கால் கழுவிச் சுத்தம் செய்தார்கள். காலையிலிருந்து பார்த்துப் பார்த்துப் பூசிய சாம்பல் எல்லாம் மணலில் வழிந்து ஓட, ஒப்பனைக்காரப் பெண்மணி தலையில் கைவைத்துக்கொண்டு மறுபடியும் பூச வந்தாள். பிறகு தொழுகை தொடங்கியது. பின் வரிசையில் இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர், நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே இறங்காதவர், பக்கத்து ஆளைப் பார்த்துப் பார்த்துக் குனிந்தாராம்.

நடுவில் டைரக்டர் "கட்" என்று கத்தினார். ஒருவரும் நிற்கவில்லை. தொழுகையை ஆரம்பித்தால் முடிக்காமல் விட முடியாது என்று ஏஜெண்ட் ஓடிப்போய்ச் சொல்ல, சரி எடுத்துக்கொண்டே இருங்கள் என்று டைரக்டரும் விட்டுவிட்டார். முடித்ததும் மாமா இரண்டு கையையும் ஏந்தி துஆ கேட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த பிள்ளைக்காக அழுதார். தாடி நனைய அழுதாராம். காமிரா கிட்டே வந்தது அவருக்குத் தெரியாது. இன்னொரு தடவை செய்யுங்கள் என்று கேட்டபோது, அசர் ஒரு தடவைதான் என்று எல்லோரும் கலைந்துவிட்டார்கள்.

பிள்ளை பிழைத்தது. மாமா துஆ கேட்டு வந்த பிள்ளை என்றே அவளுக்குப் பெயராகிவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் உம்மா அந்தத் தொழுகையைச் சொல்லாமல் விடமாட்டாள். பிள்ளை அழுதால் உம்மா எடுக்குமுன் மாமா எடுப்பார். கடையிலிருந்து வந்து கை கழுவுவதே அவளைத் தூக்கத்தான்.

அவள் தவழத் தொடங்கியிருந்தபோது படம் வெளிவந்தது. தியேட்டருக்குப் போகலாம் என்று சொன்னது, நம்புங்கள், உம்மாதான். "நம்ம என்ன சினிமாவா பாக்கப் போறோம்? எம்புள்ளயக் காப்பாத்துன தொழுகைய எங்கண்ணால பாக்கணும்." வாப்பா டிக்கெட் எடுத்துவிட்டார். புதுத் துணி உடுத்தி, பிள்ளைக்குக் கண்மை இட்டு, பெருநாளுக்குப் போவது போலப் போனோம்.

எனக்கு அப்போது எட்டு வயது. வகுப்பில் இங்கிலீஷில் நான்தான் முதல். படத்தில் யாராவது பேசினால் உம்மா என் காதருகே குனிவாள், நான் தமிழில் சொல்வேன். வாப்பா கீழே ஓடிய அரபி எழுத்தை, கடையில் கற்ற அரபியை வைத்துக்கொண்டு படித்தார். மாமா எதையும் கேட்கவில்லை. இருக்கை நுனியில் உட்கார்ந்திருந்தார்.

பாதிப் படத்தில் மணல்மேடு வந்தது. அங்கி போட்ட ஜனங்கள் வரிசையாக நின்றார்கள். "மாமா!" என்று நான் கத்தினேன். உம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். மாமா குனிந்தார், நெற்றியை மணலில் வைத்தார். காமிரா மெல்ல அவருக்குப் பின்னால் போய் மேலே ஏறியது. பச்சைத் துணி இருந்த இடத்தில் ஒரு மிருகம் நின்றது. மலை உயரம். தலை முழுக்கக் கொம்பு. வாயிலிருந்து ஏதோ ஒழுகியது. அதன் காலடியில்தான் மாமா கிடந்தார்.

வாப்பா "அஸ்தஃபிருல்லாஹ்" என்று இறைவனிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு திரை முழுக்க மாமாவின் முகம் வந்தது. கையேந்தி அழுதுகொண்டிருந்தார். மிருகம் குனிந்து அவரைப் பார்த்து ஏதோ சொன்னது.

"என்ன சொல்லுது புள்ளே?" உம்மா என் காதருகே குனிந்தாள்.

நான் நன்றாகக் கவனித்துச் சொன்னேன். "அழாதே, நீ கேட்ட உயிரைத் தந்துட்டேன். ஆனா அது என்னோடது. பொறகு வந்து எடுத்துக்குவேன்னு சொல்லுது உம்மா."

உம்மா பிள்ளையை இறுக்கிய இறுக்கில் அது வீறிட்டது. மாமா எழுந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். அவர் உட்காரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை. வாப்பாதான் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். இவ்வளவு சரியாக மொழிபெயர்த்தும் காரில் யாரும் ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.

அன்றிலிருந்து மாமா பிள்ளையைத் தொடவில்லை. பள்ளிவாசல் இமாமிடம் வாப்பா அழைத்துப்போனார். மனதில் வைத்த எண்ணம்தான் கணக்கு, பிறகு யாரோ வரைந்ததற்கு நீ என்ன செய்வாய் என்று அவர் சொன்னார். மாமாவுக்கு அது ஏறவில்லை. "தொழவச்சவன் நான் மச்சான். எனக்குப் பின்னால அத்தன பேரு நின்னாங்க. நான் யாருக்கு முன்னால நிறுத்துனேன்?" ஏஜெண்டைத் தேடிப்போய் அந்தக் காட்சியை வெட்டச் சொல்லிக் கேட்டாராம். "கலாஸ் பாய், எல்லாம் முடிஞ்சு, படம் லோகம் முழுக்கப் போயாச்சு," என்று சிரித்திருக்கிறார் அவர்.

வளர்ந்த பிறகு அந்தப் படத்தை நான் தனியாகப் பார்த்தேன், கடைசியில் ஓடும் பெயர்கள் முடியும்வரை. பாலைவனம் ஒரு நாட்டில், பணம் ஒரு நாட்டில், மிருகம் இன்னொரு நாட்டில் என்று பிரித்துப் பிரித்துச் செய்கிற தொழில் அது. மிருகம் செய்தவர்களின் பட்டியலில் சென்னை என்று போட்டு, வரிசையாக நம் ஊர்ப் பெயர்கள். மாமாவின் தாடி ஓரத்தைக் கம்ப்யூட்டரில் முடி முடியாக வெட்டி அந்தக் கொம்புகளுக்குக் கீழே ஒட்டியது ஒரு தமிழ்ப் பிள்ளை. அவர் எதற்கு அழுதார் என்று அவனுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மாமாவின் பெயர் எங்கும் இல்லை.

ஆனால் எட்டு வயதில் எனக்கு அந்த மிருகத்தின் மேல் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. தங்கையைக் கொடுத்தது அதுதான். மாமா அவளைத் தொடாமலிருப்பது, திருப்பிக் கொடுக்க வேண்டிய சாமான் என்பதால். பள்ளிக்கூட பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஓடிவந்து தொட்டிலைத்தான் பார்ப்பேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாமா எங்கள் வீட்டு ஹாலில் அசர் தொழுதுகொண்டிருந்தார். முன்பெல்லாம் பள்ளிவாசலில் கூட்டத்தோடு தொழுகிறவர், இப்போது யாருக்கும் பின்னாலோ முன்னாலோ நிற்காமல் தனியாகத் தொழுதார். உம்மா அடுக்களையிலிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் காலுக்குப் பின்னால் தரையில் இறக்கிவிட்டாள்.

மாமா நெற்றியைத் தரையில் வைத்தார். பிள்ளை தவழ்ந்துபோய் அவர் சட்டையைப் பிடித்து முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டது. அவர் எழுந்திருப்பார் என்று பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. தூக்க ஓடினேன். உம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடு," என்றாள். "பேரப்புள்ள முதுகுல ஏறுனப்ப நம்ம நபியே எந்திரிக்காம கெடந்தாங்களாம். அதுவா எறங்குற வரைக்கும் அவன் எந்திரிக்க மாட்டான்."

பிள்ளை இறங்குவதாகத் தெரியவில்லை. மாமாவின் முதுகு குலுங்கத் தொடங்கியது. கனம் தாங்கவில்லை போலும், பாவம் மாமா எவ்வளவு மெலிந்தவர், இந்த உம்மாவுக்கு ஏன் இது தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.