பிரேக் இல்லாத சீட்

மாஸ்டர் என்றதும் நீங்கள் டான்ஸ் மாஸ்டரையோ பள்ளிக்கூட வாத்தியாரையோ நினைத்துக்கொண்டால் அது உங்கள் தப்பு. இவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டர். இருபத்தாறு வருஷத்தில் நாலாயிரம் பேருக்கு மேல் ஸ்டியரிங் பிடிக்க வைத்தவர். பல் டாக்டர், போலீஸ்காரர், ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர் என்று யார் வந்தாலும் மாஸ்டர் உட்காருவது பக்கத்து சீட்டில்தான். அந்த சீட்டுக்குக் கீழே அவருக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் கோட்டை விட்டால் இவர் மிதிப்பார். வண்டி நிற்கும். திட்டுவார். வண்டி கிளம்பும்.

அந்த ஒரு பிரேக் மனுஷனை எந்த லட்சணத்துக்குக் கொண்டுவந்து விட்டது தெரியுமா? பஸ்ஸில் போனாலும் அவருடைய வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வரும். டாக்ஸியில் ஏறினால் பாதி வழியில் டிரைவர் இறக்கிவிட்டுவிடுவார். மச்சினன் புதுக் கார் வாங்கிய சந்தோஷத்தில் ஒரு ரவுண்டு கூட்டிப்போனான். அதன் பிறகு மூன்று மாதம் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. லிஃப்ட் கீழே இறங்கும்போதுகூட மாஸ்டருக்குக் கால் சும்மா இருக்காது.

இப்படிப்பட்டவருக்கு இதயத்தில் ஒரு வால்வை மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆபரேஷன் என்றால் படுக்க வேண்டும், கண்ணை மூட வேண்டும், வண்டியை மொத்தமாக இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுத் தூங்க வேண்டும். முதல் தடவை ட்ராலியில் படுக்கவைத்து ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, வராந்தா திருப்பத்தில் மாஸ்டர் "பிரேக், பிரேக்" என்று கத்தியதில் எதிரே வந்த சாப்பாட்டு வண்டிக்காரர் பயந்துபோய் ஒதுங்கினார். ட்ராலி தள்ளியவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இருபது வருஷமா தள்ளுறேன். ஒரு சுவத்துல இடிச்சதில்ல" என்றார். தியேட்டர் வாசலில் ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நூற்றுத் தொண்ணூற்றாறு. இந்த அழுத்தத்தில் கத்தி வைக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இரண்டாவது தடவை முன்கூட்டியே ஒரு மாத்திரை கொடுத்தார்கள். வேறு யாராவது என்றால் குறட்டை விட்டிருப்பார்கள். மாஸ்டர் கண்ணை உருட்டி உருட்டி விழித்துக்கொண்டே போனார். தூங்கிவிட்டால் யார் பார்த்துக்கொள்வது என்பது அவர் கவலை. அன்றைக்கு இருநூற்று நாலு.

டாக்டரம்மா கட்டிலுக்கே வந்து பச்சையாகச் சொல்லிவிட்டார்.

"வியாழக்கிழமை மறுபடியும் கூட்டிட்டுப் போறோம். அன்னைக்கும் இப்படின்னா, அடுத்த தேதி கிடைக்க ஒரு மாசம் ஆகும். உங்க வால்வு அது வரைக்கும் தாங்கும்னு என்னால உறுதியா சொல்ல முடியாது."

மாஸ்டர் அதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, "நீங்க எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?" என்று கேட்டார்.

"எதை?"

"ஆபரேஷனை."

"பதினெட்டு வருஷமா பண்றேன்."

"ஆக்சிடென்ட் ஏதாவது?"

பக்கத்தில் நின்ற அவர் மனைவி அவருடைய தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினாள். டாக்டரம்மா சிரிக்காமல் போய்விட்டார். மாஸ்டர் தேய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அவருக்கு உள்ளுக்குள் உதறல்தான். ஆனால் அதை வெளியே சொல்ல அவருக்கு வாய் வராது.

அந்த வார்டில் பக்கத்துக் கட்டில் பஸ் கண்டக்டருடையது. அவருக்கு ஆபரேஷன் முடிந்து எட்டு நாள். எதிர்க் கட்டிலில் ஒரு பிளம்பர். அவருக்குப் பத்து நாள். நெஞ்செலும்பைப் பிளந்து தைத்திருப்பதால் இரண்டு பேரும் ஆளுக்கொரு தலையணையை எந்நேரமும் கட்டிக்கொண்டு திரிந்தார்கள். இருமினாலும் தும்மினாலும் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்ள வேண்டும். சிரித்தால் இன்னும் மோசம். மாஸ்டர் வந்ததிலிருந்து அவர்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

"மாஸ்டர், உங்களுக்குப் புண்ணியமா போகும், கொஞ்ச நேரம் வாயை மூடிட்டு இருங்க. தையல் பிரிஞ்சுடும் போலிருக்கு" என்பார் கண்டக்டர்.

பிளம்பர் நல்ல மனசுக்காரர். தைரியம் சொல்கிறேன் என்று ஆரம்பித்து நிலைமையைக் கெடுத்தார்.

"ஒண்ணுமே இல்ல மாஸ்டர். நம்ம குழாய் வேலை மாதிரிதான். வால்வு மாத்தணும்னா முதல்ல மெயினை மூடணும் இல்லையா? அது மாதிரி இதயத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திடுவாங்க."

மாஸ்டர் எழுந்து உட்கார்ந்தார். "நிறுத்திடுவாங்களா?"

"ஆமா. வெளியில ஒரு மெஷின் ஓடிக்கிட்டிருக்கும்."

"ஓடுற வண்டியில இன்ஜினை ஆஃப் பண்றதா? எந்த மடையனாவது செய்வானா? நான் அதுக்காக எத்தனை பேரைத் திட்டியிருக்கேன் தெரியுமா?"

சிஸ்டர் ஓடிவந்து ரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றிப் பார்த்தார். நூற்று எண்பத்தெட்டு. பிளம்பருக்கு முகம் சுண்டிவிட்டது. தலையணையைக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கண்டக்டர் ஒரு முடிவுக்கு வந்தார். "இவருக்கு வால்வு மட்டும் ரிப்பேர் இல்லப்பா. ஏறி உக்காந்து பேசாம வரத் தெரியல. முப்பத்திரண்டு வருஷம் பஸ்ல பாத்திருக்கேன், பயணிக்கும் பழக்கம் வேணும். நாளைக்குள்ள பழக்கி விட்டுடுவோம்."

பிளம்பருக்கு உயிர் வந்தது. செய்த பாவத்துக்குப் பரிகாரமாக ஓர் அட்டையை வெட்டி, சிவப்புப் பேனாவால் பெரிதாக 'எல்' என்று எழுதிக்கொண்டு வந்தார். சிஸ்டரிடம் கெஞ்சி ஒரு சக்கர நாற்காலி வாங்கினார்கள். வராந்தாவைத் தாண்டக் கூடாது, கால் மணி நேரம்தான் என்று சிஸ்டர் கறாராகச் சொன்னார். நாற்காலியின் முதுகில் எல் போர்டு ஏறியது. ஊருக்கெல்லாம் எல் போர்டு மாட்டியவர் அதன் முன்னால் உர்ரென்று உட்கார்ந்தார்.

அப்புறம்தான் ஒரு சிக்கல் தெரிந்தது. கண்டக்டரும் பிளம்பரும் தலையணையைத் தவிர எதையும் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மாஸ்டரின் மனைவியைப் பார்த்தார்கள். அவள் ஜன்னலோரமாகத் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, நீ தள்ளும்மா" என்றார் கண்டக்டர்.

"இவளா?" என்றார் மாஸ்டர். "இவளுக்கு சைக்கிளே நேரா போகாது."

கல்யாணமான புதிதில் மாஸ்டர் அவளுக்கு ஒரு தடவை கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பாடம் சரியாகப் பதினொரு நிமிஷம் நடந்தது. சிக்னலில் வண்டி நின்றபோது அவள் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டாள். அதோடு அந்தப் பேச்சை இருவரும் எடுக்கவில்லை என்றுதான் மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அவள் துண்டை வைத்துவிட்டு வந்து நாற்காலியைப் பிடித்தாள். கண்டக்டர் இரண்டு விரலை வாயில் வைத்து, நெஞ்சு வலிக்காதபடி சன்னமாக ஒரு விசில் கொடுத்தார். வண்டி கிளம்பியது.

"மெதுவா. லெஃப்ட்ல சுவர். சுவர்னு சொல்றேன்ல. எதிர்ல ஆள் வர்றாங்க பாரு. பிரேக். பிரேக் போடுடி."

"மாஸ்டர், பயணிகள் டிரைவரோட பேசக் கூடாது" என்றார் பின்னால் வந்த கண்டக்டர். பிளம்பர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார்.

அவள் எதையும் காதில் வாங்காமல் தள்ளினாள். திருப்பத்துக்கு நாலடி முன்னாலேயே வேகத்தைக் குறைத்தாள், அகலமாகத் திரும்பினாள். வராந்தாவின் கோடியில் தண்ணீர் கேனுக்கும் துணி வண்டிக்கும் நடுவே ஒரு சின்ன இடம் இருந்தது. அதைத் தாண்டிக் கொஞ்சம் முன்னே போய் நிறுத்தினாள். இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. பிறகு ஒரே வளைவில் பின்னால் எடுத்து அந்த இடத்தில் நாற்காலியைச் சொருகினாள். இரண்டு பக்கமும் கையளவு இடம் சமமாக மீந்தது.

மாஸ்டர் குனிந்து இரண்டு பக்க இடைவெளியையும் அளந்து பார்த்தார். சக்கர நாற்காலி தள்ளுகிற யாரும் இப்படி நிறுத்துவதில்லை. இது டெஸ்டுக்குப் படித்த கை.

"இதை உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார்.

அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். "பெட்ரோல் பங்க் பக்கத்துல இருக்கிற டிரைவிங் ஸ்கூல்ல."

"ஹாரன்கிட்டயா?"

பெட்ரோல் பங்க் பக்கத்து ஸ்கூல்காரரை மாஸ்டர் எப்போதும் அப்படித்தான் சொல்வார். பிரேக்குக்கு முன்னால் ஹாரனைக் கற்றுக்கொடுக்கிற ஆளாம். பதினைந்து வருஷத்துப் பகை.

"அவர்கிட்டதான். லைசென்ஸ் வாங்கி ரெண்டு மாசமாச்சு."

"நீ தையல் கிளாஸுக்குப் போறேன்னுதானே சொன்னே? அப்ப எனக்குத் தெச்சுக் குடுத்த அந்தத் தலையணை உறை?"

"கடையில வாங்குனது."

மாஸ்டருக்கு எதற்குக் கோபப்படுவது என்றே தெரியவில்லை. தொழில் புத்தி முந்திக்கொண்டது. "மேட்டுல நிறுத்தி எடுக்கச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க. ஒரு அடிகூட பின்னாடி உருளல. முதல் தடவையே பாஸ்."

"என்கிட்ட கேட்டிருந்தா நான் சொல்லித் தந்திருக்க மாட்டேனா? நாலாயிரம் பேருக்குச் சொல்லித் தந்தவன் பொண்டாட்டி ஹாரன்கிட்ட போய்..."

"கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். உனக்கு எதுக்குன்னு சொல்லிட்டு டீ கேட்டீங்க."

கண்டக்டரும் பிளம்பரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார்கள். அவள் அதோடு நிறுத்தவில்லை.

"ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு சோஃபாவுல சாஞ்சீங்களே. ஆம்புலன்ஸைக் கூப்பிடறேன்னேன். அவன் எப்படி ஓட்டுவானோன்னீங்க. வாசல்ல கார் நிக்குது, ஓட்ட ஆள் இல்ல. வேர்த்து விறுவிறுத்து நீங்களே ஓட்டிட்டு வந்தீங்க. நான் உங்க சீட்டுல உக்காந்திருந்தேன். காலுக்குக் கீழ உங்க பிரேக். நீங்க மயங்கி விழுந்தா அதை மிதிக்கணும்னு மட்டும் தெரியும். எவ்வளவு மிதிக்கணும், எப்ப மிதிக்கணும், ஒண்ணும் தெரியாது. ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் காலைத் தூக்கிப் புடிச்சுக்கிட்டே வந்தேன். அதுக்கு அடுத்த வாரமே டிரைவிங் கிளாஸ்ல சேந்துட்டேன். இனிமே ஒரு தடவை அப்படி ஆனா என் புருஷனை நான்தான் கொண்டு போவேன்னு போனேன். இப்ப சொல்லுங்க, ஹாரன்கிட்ட போனது தப்பா?"

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி மாஸ்டருக்கு நினைவிருந்ததெல்லாம் இரண்டு சிக்னலும் குறுக்கே வந்த ஒரு லாரியும்தான். பக்கத்தில் ஒருத்தி இருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. அது இப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது.

"எனக்கு ரொம்ப பயமா இருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் அதுவரை கேட்டதில்லை.

"எனக்கும்தான்" என்றாள் அவள்.

கண்டக்டர் தொண்டையைச் செருமினார், வலித்ததால் தலையணையை இறுக்கிக்கொண்டார். "நான் போனப்ப ட்ராலி தள்ளுறவர் சட்டையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்ல மாஸ்டர். பட்டன் பிஞ்சு கையோட வந்துடுச்சு. அதையும் கையில வெச்சுக்கிட்டேதான் உள்ள போனேன்."

"நான் அழுதேன்" என்றார் பிளம்பர். "அழுதா என்ன? தூங்குறதுக்கு முன்னாடிதானே. அப்புறம் யாருக்கு ஞாபகம்."

கால் மணி நேரம் முடிந்துவிட்டது என்று சிஸ்டர் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து குரல் கொடுத்தார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. திரும்பும்போது அவள்தான் தள்ளினாள். மாஸ்டர் இரண்டு இடத்தில் வாயைத் திறந்தார், இரண்டு இடத்திலும் மூடிக்கொண்டார். புதன்கிழமை ஐந்து ரவுண்டு போனார்கள். முதல் ரவுண்டில் அவர் பதினான்கு தடவை பேசியதாகக் கண்டக்டர் எண்ணிச் சொன்னார். கடைசி ரவுண்டில் ஒரே ஒரு தடவை. அதுவும் டீ வண்டி வருகிறது, நிறுத்தி ஒரு டீ வாங்கலாமா என்பதுதான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் டீ எல்லாம் சிஸ்டரைக் கேட்காமல் கிடையாது என்று அவள் மறுத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு ட்ராலி வந்தது. அதே ஆள்தான் தள்ள வந்தார், சட்டையின் மேல் பட்டனைப் பத்திரமாகப் போட்டுக்கொண்டு. மாஸ்டர் படுத்தார். அவர் மனைவி பக்கத்தில் நடந்தாள். திருப்பத்தில் அவருடைய வலது கால் போர்வைக்குள் ஒரு தடவை துடித்தது. அவள் போர்வையின் மேல் கையை வைத்து அந்தக் காலைப் பிடித்துக்கொண்டாள். தியேட்டர் வாசலில் ட்ராலி நின்றது. இதற்கு மேல் அவள் வர முடியாது. உள்ளேயிருந்து வந்த நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்க ஆரம்பித்தார்.

"ஏய்" என்றார் மாஸ்டர்.

"என்னங்க?"

"வீட்டுக்குப் போறப்ப நீதான் ஓட்டணும்."

"நீங்க பக்கத்துல உக்காந்து கத்துனீங்கன்னா நடுரோட்டுல எறக்கி விட்ருவேன். சொல்லிட்டேன்."

"நான் பின்னாடி சீட்டுல உக்காந்துக்கறேன்."

மூன்று தடவை ட்ராலியோடு நடந்தும் அழாதவள் அப்போது அழுதாள். நர்ஸ் காற்றை இறக்கிவிட்டு எண்ணைப் பார்த்தார், நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார்.

"நூத்து முப்பத்தெட்டு. போலாம்" என்றார்.

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார்.